வாக்குத்தத்த வசனமும் 70 ஆண்டுகளும்

புத்தாண்டு ஆராதனையில் நம் சபைகளில் கையில் வரும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி இடம்பெறுகிறது. நமக்காகக் கர்த்தர் கொண்டிருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்னும் அந்த வசனத்தை நானும் நேசிக்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வசனத்தை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்புதான் விடுதலை என்கிறது அது.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் யூதாவின் எகொனியா ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் சிறைப்பிடித்துக்கொண்டுபோன பிறகு, அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில் வரும் வசனங்கள் இவை. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், உங்களைச் சிறைப்பிடித்தவர்களின் பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றுதான் அந்தக் கடிதம் தொடங்குகிறது. 2 ஆண்டுகளில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அனனியா என்ற வேறொரு தீர்க்கதரிசி சொன்னது கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! அது பொய் என்பதை 28ஆம் அதிகாரம் சொல்லிவிடுகிறது. ஆகவே 11ஆம் வசனத்தை மட்டும் பிரித்தெடுத்து இந்த ஆண்டே வேலையும் வீடும் கிடைக்கும் என்று நம்பும்போது, எரேமியாவின் பெயரால் நாம் அனனியாவின் செய்தியையே ஏற்றுக்கொள்கிறோம் என்று அஞ்சுகிறேன்.

வசன எண்கள் மூல எழுத்தில் இருந்தவை அல்ல; இன்று நாம் பின்பற்றும் எண்முறை 16ஆம் நூற்றாண்டில்தான் அச்சு வேதாகமங்களில் நிலைபெற்றது. தேடுவதற்கு அது பேருதவி. எனினும் கடிதத்தைக் கடிதமாகவும் புலம்பலைப் புலம்பலாகவும் முழுமையாக வாசிக்கும் பொறுமையை அது நம்மிடம் குறைத்துவிட்டது.

முழுமையாக வாசித்தால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். அந்தச் சிறையிருப்பின் துயரத்தைப் பாடும் 137ஆம் சங்கீதம், பாபிலோன் ஆறுகள் அருகே அழுகையோடு தொடங்கி, பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதி அடிக்கிறவனைப் பாக்கியவான் என்று வாழ்த்தி முடிகிறது. அந்தப் பட்டணத்துக்காக ஜெபிக்கச் சொன்ன கடிதமும் இந்தச் சாபமும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களின் கோபம் அது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அதை ஜெபமாகச் சொல்ல என் நா இன்றுவரை எழவில்லை. அதைக் கிழித்தெறியவும் எனக்கு மனமில்லை, ஏனெனில் அவர்கள் தங்கள் வெறுப்பைக் கடவுளுக்கு மறைக்காமல் அவர் முன்பாகவே கொட்டியிருக்கிறார்கள்.

நம் வேதபாடக் கூட்டங்களில் இந்தச் சங்கீதத்தை ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடாமல், ஒன்பதாம் வசனம்வரை உரக்க வாசித்து, இளைஞர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று ஆயர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.