அலுத்துப்போனது பாட்டா?

வானொலியில் ஓயாமல் போட்டுத் தேய்ந்து, கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ராக் பாடல்கள் என்று ஒரு கட்டுரை பட்டியல் போட்டிருக்கிறது. அதில் லெட் செப்பலின் இசைக்குழுவின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ முதலிடத்தில் இருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. 1971இல் வந்த எட்டு நிமிடப் பாடல் அது. பாதிப் பாடல் முடியும்வரை குழுவின் டிரம்மர் ஜான் போனம் டிரம்ஸைத் தொடுவதே இல்லை. எந்த இடத்தில் நுழைவார் என்று தெரிந்துகொண்டே காத்திருப்பது தனிச் சுகம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘கிம்மி ஷெல்டர்’ (1969) பட்டியலில் இல்லை, நல்லவேளை! அதில் பாடும் பாடகி மெர்ரி கிளேட்டனை நள்ளிரவில் ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். அப்போது அவர் கர்ப்பிணி. மூன்றாவது நிமிடத்தை ஒட்டி, உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார்கள். பின்னணியில் ஒருவர் வியந்து கூவுவதும் பதிவாகியிருக்கிறது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பட்டியலில் உள்ள ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ சலித்துவிட்டது என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி கிட்டார் வாசிக்கும் கடைசி இரண்டு நிமிடங்களில்தான் அறிவிப்பாளர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பழியையும் பாட்டின் தலையிலா போடுவது?