கண்ணாடி விரிசலை வைத்துத் தீவைப்பைச் சொல்ல முடியாது

ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தாலே யாரோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள், தடய வேதியியலாளர் சாம்பலை மெஷினில் போட்டு அதை உறுதி செய்வார், அவ்வளவுதான் அந்த வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

கண்ணாடி வேகமாகச் சூடானால் அந்த விரிசல் வரும் என்று பல காலம் நம்பினார்கள். 1991இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த ஓக்லாந்து மலைத் தீக்குப் பிறகு சோதித்துப் பார்த்ததில், சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்வதுதான் காரணம் என்று தெரிந்தது. அதாவது தீயணைப்புக் குழாயின் கைவண்ணம்! அதே ஆண்டு டெக்சாஸின் கோர்சிகானாவில் மூன்று குழந்தைகள் இறந்த வீட்டுத் தீயில் இந்த விரிசலும் தீவைப்புக்கு அடையாளமாகச் சொல்லப்பட்டது. தீ வைத்தவர் என்று குழந்தைகளின் தந்தைக்கு 2004இல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்தத் தீவைப்பு முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று நிபுணர்கள் பலர் பிறகு சொன்னார்கள்.

சரி, மெஷின்? ஆவியில் கலந்திருக்கும் பொருட்களைப் பிரித்துக் காட்டும் அந்த கேஸ் குரோமட்டோகிராஃப் தருவது மேடுபள்ளமான வரைபடம். கார்ப்பெட்டும் ஃபோமும் எரிந்தாலே டொலுயீன் மாதிரி பெட்ரோலில் உள்ள சில பொருட்கள் அதில் தெரியும். அதனால் பெட்ரோல் படாத அதே கார்ப்பெட் துண்டோடு ஒப்பிட்டுப் படிக்க ஆள் வேண்டும். சோதனைக்கு எடுத்ததைச் சாதாரண பிளாஸ்டிக் கவரில் கட்டி அனுப்பினால் பெட்ரோல் ஆவியே போய்விடும், காற்றுப்புகாத டின்தான் சரி.

அப்புறம், தடய வேதியியலாளர்கள் எல்லாரும் போலீஸ் ஆய்வகத்தில் இல்லை. காப்பீட்டு வழக்குகளுக்காகத் தனியார் ஆய்வகங்களில் இருப்பவர்களும் உண்டு. அங்கே பித்தளைக் குழாய் இணைப்பு அமோனியா அரித்து விரிசல் விட்டதா, முரட்டுத்தனமாகத் திருகியதில் உடைந்ததா என்று கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலைதான்.