ஆறு கேட்டால் மூன்று வருகிறது

43 நாள் காத்திருந்து பார்சலைப் பிரித்தால், மறுபடியும் ராமென்!

நான் கேட்டது ‘ஓய்ஷின்போ’ என்ற ஜப்பானியச் சாப்பாட்டுக் காமிக்ஸின் ஆங்கிலப் பதிப்பில் ஆறாம் தொகுதி. சோற்றுக்கென்றே ஒரு முழுப் புத்தகம். மூன்று வேளையும் சோறு போட்டாலும் முகம் சுளிக்காத எனக்கு அது எப்படி இருந்திருக்கும்! வந்ததோ ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸைப் பற்றிய மூன்றாம் தொகுதி. அது ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது, குழம்புக் கறையோடு.

கத்தரிக்கோலைத் தேடினேன், கிடைக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். ஓர் உறை. அதற்குள் இன்னோர் உறை. அதற்குள் குமிழ்த்தாள், நான்கு சுற்று. கண்ணாடிச் சாமான்கூட இத்தனை பத்திரமாக வந்ததில்லை. கடைசிச் சுற்றில் எண்ணின் அடிவளைவு மட்டும் தெரிந்தது. ஆறேதான்! நெஞ்சு துள்ளியது. இன்னும் ஒரு விரல் அகலம் பிரித்தேன். 3.

6-ஐத் தலைகீழாகப் பிடித்து 9 என்று நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். (மொத்தமே 7 தொகுதிதான், அது வேறு விஷயம்.) 3 எங்கிருந்து முளைத்தது? கதையின் தொடக்கத்தில் நாயகன் யாமாவோகா தண்ணீரையும் டோஃபுவையும் நாக்கில் வைத்தே எது எதுவென்று சொல்லிவிடுகிறான். இங்கே கொட்டையாக அச்சிட்ட எண்ணைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒரு கடையில் ஆளில்லை.

தொலைபேசியில் அழைத்தேன்.

“புத்தகம் கிழிந்திருக்கிறதா சார்?”

“இல்லை.”

“நனைந்திருக்கிறதா சார்?”

“இல்லையம்மா, வேறு புத்தகம் வந்திருக்கிறது!”

“அப்படியென்றால் நல்ல நிலையில்தானே இருக்கிறது சார்? மாற்றித் தர வழியில்லை.”

அதற்குப் பிறகு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று குறுஞ்செய்தி வேறு.

இந்தத் தொடரை நம்பியதே என் தவறு. 1983இல் தொடங்கி ஜப்பானில் 111 தொகுதி வந்தது. அதிலிருந்து தலைப்புவாரியாகப் பொறுக்கி, 2009, 2010இல் ஆங்கிலத்துக்கு ஏழே ஏழு கொடுத்தார்கள். ஒரு கதையில் யாமாவோகாவும் அவனோடு வேலை பார்க்கும் குரிதாவும் கணவன் மனைவி. சில பக்கம் தள்ளினால் கல்யாணப் பேச்சே எழவில்லை. மூலத் தொடரோ 2014இல் நின்றுபோனது. எஞ்சியிருந்த ஒரே ஆசை அந்தச் சோற்றுத் தொகுதி.

ஆத்திரம் தணிய ராமென் கதையையே மறுபடி புரட்டினேன். பசி வந்ததுதான் மிச்சம். சரி, உலையாவது வைப்போம் என்று போனால், அரிசி டப்பாவுக்குள் கத்தரிக்கோல் கிடக்கிறது.

அரிசி டப்பாவுக்குள்! யார் வைத்தது? இந்த வீட்டில் யாராவது ஒருவர் வாயைத் திறந்தாக வேண்டும்.