கவனிக்கலையா, கேட்கலையா?

மகளின் பள்ளி டைரியில் டீச்சர் எழுதி அனுப்பிய குறிப்பைப் பற்றி முந்தாநாள் நான் போட்ட பதிவுக்கு வந்த பின்னூட்டங்களை நேற்று ராத்திரி ஒன்று விடாமல் படித்தேன். "டீச்சரும் மனுஷிதானே", "உங்க பொண்ணை மட்டுமே பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா". சரி. ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பச் சொல்கிறேன். என் மகள் கவனிக்காமல் இல்லை. அவளுக்குக் கேட்கவில்லை. சிவப்பு மையில் "வகுப்பில் கவனமில்லை" என்று எழுதி அனுப்பியது அதனால்தான் வலித்தது.

"அதான் காதுல மிஷின் போட்டிருக்காளே" என்கிறார்கள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகிவிடுகிற மாதிரி இல்லைங்க இது. மிஷின் டீச்சர் குரலைக் கூட்டும்போது மின்விசிறி, பெஞ்சு இழுபடுகிற சத்தம், பக்கத்து வகுப்புக் கூச்சல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கூட்டும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் நின்று பேசினால் நன்றாக உதவும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) இறங்கிவிடும். இரைச்சலைவிடக் குரல் 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்பது ஆடியாலஜிஸ்ட்டுகள், அதாவது காது கேட்கும் திறனைப் பார்க்கிற நிபுணர்கள், சொல்கிற கணக்கு. அதற்காகத்தான் மிஷினோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு சின்ன மைக்கை டீச்சரிடம் வாங்கிக் கொடுத்தோம். டீச்சர் கழுத்தருகே மாட்டிக்கொண்டால் குரல் நேராக மிஷினுக்கு வந்துவிடும். அது மூன்று வாரமாக மேசை டிராயரில் கிடந்தது, சார்ஜ்கூடப் போடாமல். டீச்சருக்கு வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். மைக்கை மாட்டப் பத்து நொடி.

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கலாமே" என்றவர், கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பாலை' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து 'மாலை'. உதடு ஒரே மாதிரிதான் அசையும். நாள் முழுக்க அவள் இப்படி ஊகித்து ஊகித்துத்தான் பாடம் கேட்கிறாள். போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த ஊகத்துக்கும் வழியில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் மிஷின் இரண்டையும் கழற்றுவாள், அப்படியே தரையில் படுத்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்று நானே இரண்டு வருஷம் திட்டியிருக்கிறேன்.

முதல் பெஞ்சுக்குப் போக மாட்டேன் என்கிறாளாம், அதுவும் புகார். அவளுக்கு வயது 14. சிநேகிதிகள் எல்லாரும் மூன்றாவது பெஞ்சில். தவிர, முதல் பெஞ்சில் இருந்தால் பின்னால் யாராவது பேசும்போது திரும்பி அவர்கள் முகத்தைத் தேடுவதற்குள் பேச்சே முடிந்துவிடும். பின்பெஞ்சுப் பிள்ளை கேட்ட கேள்வியை டீச்சர் ஒரு தடவை திருப்பிச் சொன்னால் போதும். வீடியோ போட்டால் சப்டைட்டிலோடு போடுங்கள். நாளைய பாடத்தில் வரப்போகிற புதுச் சொற்களை இன்றே கொடுத்துவிட்டால், தெரிந்த சொல்லை உதட்டில் பிடித்துக்கொள்வாள். இதில் எது பெரிய சலுகை?

"கேட்கலைன்னா அவளே வாயைத் திறந்து சொல்லணும்." சொன்னாளே! ஆறாம் வகுப்பில் கையைத் தூக்கிச் சொன்னாள். "எத்தனை தடவைதான் சொல்றது" என்று பதில் வந்தது, வகுப்பே சிரித்தது. அன்றையிலிருந்து 'புரிஞ்சுதா' என்று யார் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுகிறாள். 'என்ன புரிஞ்சுது, சொல்லு' என்று கேளுங்கள், அப்போது தெரியும் அவளுக்கு எவ்வளவு கேட்டது என்று.

பாடத்தைக்கூட வீட்டில் சொல்லிக் கொடுத்துவிடலாம். வகுப்பு சிரிக்கும்போது அரை நொடி பிந்தி அவளும் சிரிக்கிறாளே, அதை என்ன செய்ய? "என்ன ஜோக்குடி" என்று பக்கத்தில் கேட்டால் "ஒண்ணுமில்ல, விடு" என்கிறார்களாம். இதை அவள் அழுதுகொண்டு சொன்னபோது அந்தப் பிள்ளைகள் மேல் அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் அப்பா ஏதோ சொன்னார், நான் சிரித்தேன். "என்னம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, விடுடி" என்றேன். வாயில் வந்த பிறகுதான் உறைத்தது. தட்டைப் பார்த்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

டைரியில் கையெழுத்துக் கேட்கிறாள். இன்னும் போடவில்லை.