இப்பப் போட்டதுதான் அண்ணே

ரொட்டி சுடத் தெரியாத ஊரா இந்த இலங்கை மலையகம்? லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கோதுமை மா, துருவின தேங்காய், உப்பு, தண்ணீர். பிசைந்து, கையால் தட்டி, கல்லில் போட்டு, அங்கங்கே கருகல் புள்ளி விழுந்ததும் எடுத்து, நடுவில் கட்டசம்பலை, அதாவது மிளகாயும் வெங்காயமும் இடித்த காரச் சம்பலை, வைத்து மடித்துக் கடிக்க வேண்டியதுதான். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலம் காலமாக மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு. அதையே டவுனில் காசு கொடுத்து வாங்கினால் மட்டும் ஏன் செருப்புத் தோலாக வந்து சேருகிறது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை, பண்டாரவளை என்று வேலை விசயமாக அலைகிறவன் நான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ரொட்டியும் கட்டசம்பலும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது ஒரு கிறுக்கு. இருக்கும். எல்லா இடத்திலும் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டீஸுக்கும் ரோல்ஸுக்கும் பக்கத்தில், அடுக்கி வைத்திருப்பார்கள். "எப்ப சுட்டது தம்பி?" என்றால் பதில் மட்டும் சுடச்சுட வரும்: "இப்பப் போட்டதுதான் அண்ணே." அந்தத் தம்பி சொல்லி வாய் மூடுவதற்குள் ரொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். கல்லில் தடவின தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். இப்போதுதான் போட்டதாம்!

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தாலும் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டித்தான் வரும். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். இங்கே வீடுகளில் போத்தலை அடுப்புப் பக்கம் வைத்துத்தான் எண்ணெய் எடுப்போம். எண்ணெய்க்கு நடப்பதுதான் ரொட்டிக்குள் இருக்கிற தேங்காய்க்கும் நடக்கும். மாவில் இருக்கிற மாப்பொருளும் ஆற ஆற இறுகும், குளிர் கூடினால் இன்னும் சீக்கிரமாக இறுகும். கொழும்பில் மத்தியானம் வரை தாக்குப் பிடிக்கிற ரொட்டி இங்கே கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். இது கடைக்காரருக்குத் தெரியாதா? தெரியும். அதற்குத்தான் மைக்ரோவேவ் வாங்கி வைத்திருக்கிறார். அதில் வைத்து எடுத்தால் முதல் வாய் மெத்தென்று இருக்கும், பால் போடாத பிளேன்டீ வந்து சேர்வதற்குள் பல்லால் இழுக்க வேண்டியதுதான்.

இதைச் சொன்னால் கூட வேலை செய்கிற நண்பர் ஒருவர் மடக்குகிறார்: "மலைக்குக் கொண்டு போறவங்களும் ஆறித்தானே சாப்பிடுறாங்க?" ஆமாம் ஐயா, ஆறித்தான் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு மலையில் அடுப்பு இல்லை. அதனால் தேங்காயைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, கனமாகத் தட்டி, துணியில் சுற்றி எடுத்துப் போய், தேத்தண்ணியோடு சாப்பிடுகிறார்கள். கடையில் அடுப்பு காலையிலிருந்து எரிந்துகொண்டே இருக்கிறதே! பொழுது சாய்ந்தால் அதே கடையில், ரொட்டியைத் துண்டு துண்டாகக் கொத்திப் பிரட்டுகிற கொத்து ரொட்டிக்கு இரண்டு தகட்டையும் கையில் எடுத்துத் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அடிக்கிறார்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் முட்டையை உடைக்கிறார்கள், சொன்ன பிறகுதான் லீக்ஸை வெட்டுகிறார்கள். கொத்துக்கு இருக்கிற நேரம் ஒரு உருண்டை மாவைத் தட்டிப் போட மட்டும் எங்கே போகிறது?

சரி, ரொட்டியையாவது மன்னித்துவிடலாம். சம்பலுக்கு மன்னிப்பே கிடையாது. காய்ந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் அம்மியில் வைத்து இழுக்க வேண்டும். மாசியை, அதாவது மாசிக் கருவாட்டை, அதோடு தட்ட வேண்டும். சின்ன வெங்காயத்தைக் கடைசியில் வைத்து, அரைக்காமல், நசுக்கி எடுக்க வேண்டும். தேசிக்காய் (எலுமிச்சை) புளி சாப்பிடப் போகிற நேரத்தில்தான். இந்த வரிசையை மாற்றினால் அது வேறு சாமான். கடைகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கிரைண்டரில் கொட்டிச் சுற்றுகிறார்கள். வெங்காயம் தண்ணீர் விட்டு, கசந்து, ஒரு சிவப்புக் கூழ் வருகிறது. கசப்பை மறைக்கச் சீனி. புளிப்புக்கு வினாகிரி. பண்டாரவளையில் ஒரு கடையில் தொட்டு நாக்கில் வைத்தேன், சத்தியமாக தக்காளி சோஸ் வாசம். மாசி எங்கே என்று கேட்டதற்கு முதலாளி மேசைக்கே வந்து, "டூரிஸ்ட்காரங்களுக்கு மாசி மணம் ஆகாது அண்ணே" என்றார். சுற்றிப் பார்த்தேன். இரண்டு ஓட்டோக்காரர்கள், ஒரு டியூஷன் பிள்ளை, நான். எந்த டூரிஸ்ட்டுக்கு ஐயா?

தேங்காய் விலையையும் இழுப்பார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. தென்னை குருநாகலிலும் புத்தளத்திலும்தான் செழிப்பு; இங்கே வருகிற காயெல்லாம் லொறியேறித்தான் வருகிறது. 2024 கடைசியில் ஒரு காய் 200 ரூபாயைத் தொட்டபோது வீடுகளிலேயே பாதி மூடியில் சமாளித்தோம். ஆனால் கட்டசம்பலில் தேங்காயே கிடையாதே! அதைக் கெடுப்பதற்கு என்ன சாட்டு?

சுற்றுலாக்காரர் வருகிற எல்ல என்ற ஊர்ப் பக்கம் இன்னொரு கூத்து. "ரொட்டி சான்விச்" என்று பலகையில் எழுதி, உள்ளே சலாது இலை, சீஸ், மயோனைஸ். சம்பல் ஒரு ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி. விலை 1000 ரூபாய். தோட்டத்தில் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாய்க்கு வருவதற்கே 2024 வரை இழுத்தடித்தார்கள். அதில் முக்கால் பங்கை ஒரு மடித்த ரொட்டிக்குக் கேட்கிறார்கள். வாசலில் அழகுக்கு ஒரு பழைய அம்மி வேறு. அதன் மேல் பூச்சாடி. குழவியைக் காணோம்.

முதலாளிமாரே, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ரொட்டியை எடுத்துவிடுங்கள். மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். ஆள் வந்து கேட்ட பிறகு தட்டிப் போடுங்கள். பத்து நிமிடம் ஆகுமா, ஆகட்டும். உட்கார்ந்திருக்கிறேன். அதுவரைக்கும் ஒரு பிளேன்டீ கொடுங்கள், அதற்குக் காசு தனியாகத் தருகிறேன். மாசியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.