டாலருக்கு எத்தனை குதிரை என்று எண்ணுவதை விடுங்கள்

அமெரிக்க மஸில் கார் (பெரிய என்ஜின் வைத்த, விலை குறைந்த வேகக் கார்) நல்லதா, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் நல்லதா என்ற பேச்சு எடுத்தாலே அது இரண்டு எண்களில் போய் நின்றுவிடுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை விநாடி? விலை எத்தனை ஆயிரம் டாலர்? "போர்ஷே வாங்குகிறவன் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறான்" என்று ஒரு கட்சி. "அமெரிக்கக் கார் நேராகத்தான் ஓடும், வளைவு வந்தால் அவ்வளவுதான்" என்று இன்னொரு கட்சி. டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பதால் இந்தச் சண்டை எனக்கு ரொம்பவே பழகிவிட்டது. இரண்டு கட்சியிலும் எனக்கு இடமில்லை. நான் ஒரு காரிடம் கேட்பது இதைத்தான்: பந்தயத் தடத்தில் முதல் சுற்றில் ஓடிய மாதிரியே பத்தாவது சுற்றிலும் ஓடுவாயா? அப்படி ஓட எவ்வளவு கேட்கிறாய்?

இந்த இரண்டு வகைக் கார்களும் ஏன் இப்படி வேறு வேறாக வளர்ந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 60களின் டெட்ராய்டில் பெட்ரோல் மலிவு, சாலை அகலம், தரை சமம். பெரிய கார் கம்பெனிகளின் பொறியாளர்களே ராத்திரி உட்வர்டு அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் காரை விரட்டிப் பார்த்த காலம் அது. அந்த ஓட்டத்துக்கு வேண்டியது கால் மைல் தூரத்துக்கு வெறித்தனமான இழுவிசை. பதினைந்து விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், பிரேக்கை ஒரு முறை மிதித்தால் போதும். ஐரோப்பாவில் நிலைமையே வேறு. ஜெர்மனியில் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் முழு வேகத்தில் போகிறவன் இருந்தான். ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் வரி. இத்தாலியில் என்ஜின் 2 லிட்டரைத் தாண்டினால் விற்பனை வரி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும் என்பதால், ஃபெராரியே 1975இல் 2 லிட்டரில் ஒரு குட்டி வி-8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் செய்து 208 என்று விற்றது. பெரிய என்ஜின் வைக்க முடியாத ஊரில் சின்ன என்ஜினை உயர் சுழற்சியில் பிழிந்தெடுப்பதும், எடையைக் குறைப்பதும், பிரேக்கில் கவனம் வைப்பதும் தவிர வேறு வழியில்லை.

1964ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பான்டியாக் ஜிடிஓ வந்த வருடம், போர்ஷே 911 கடைக்கு வந்த வருடம். ஜிடிஓவில் 6.4 லிட்டர் வி-8, அன்றைய கணக்கில் 325 குதிரைத்திறன். நடுத்தர அளவுக் கார்களில் இவ்வளவு பெரிய என்ஜின் வைக்கக் கூடாது என்று பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு அதைச் சாமர்த்தியமாகத் தாண்டியது. தனிக் காராக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் காருக்கான கூடுதல் வசதி என்று 300 டாலருக்கும் குறைவாக ஒரு பொதியாக விற்றார்கள். 911இல் இருந்ததோ 2 லிட்டர் என்ஜின், 130 குதிரைத்திறன். ஜிடிஓவைவிட விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. காகிதத்தில் பார்த்தால் 911 வாங்குகிறவனுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஜிடிஓவின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், சூடு உள்ளேயே தேங்கும் மூடிய வகை. 911இன் நான்கிலும் டிஸ்க், காற்றுப் பட்டு சீக்கிரம் ஆறும் திறந்த வகை. விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அங்கேதான் ஒளிந்திருந்தது. சிக்னலிலிருந்து சிக்னல் வரை ஓட்டுகிறவனுக்கு அது தெரியவே வராது.

அதே 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை, பான்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் மோதவிட்டு அட்டைப்படம் போட்டது. உண்மையில் இரண்டு கார்களும் நேருக்கு நேர் ஓடவே இல்லை. சோதனைக்குக் கொடுத்த பான்டியாக்கில் 6.4 லிட்டருக்குப் பதில் இன்னும் பெரிய 6.9 லிட்டர் என்ஜின் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது என்று, பான்டியாக் விளம்பரத்தின் மூளையான ஜிம் வாங்கர்ஸ் பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார். முடுக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிடும் பழக்கம் இப்படித்தான் பிறந்து வளர்ந்தது. அந்தக் காலக் குதிரைத்திறன் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 1972 வரை அமெரிக்காவில் என்ஜினைக் காரிலிருந்து கழற்றி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் ஓட்டி எடுத்த எண்ணைத்தான் விளம்பரம் செய்தார்கள்.

பிரேக்கைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. மிச்சிகனில் ஒரு சிறிய தடத்தில், நண்பர் ஒருவருடைய கனத்த வி-8 காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு சுற்று சொர்க்கம். மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொள்கிறது, வி-8இன் உறுமல் நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது. மூன்றாவது சுற்றில் கருகிய பிசின் வாடை உள்ளே வந்தது. அதற்கடுத்த சுற்றில் நேர்த்தடத்தின் முடிவில் நண்பர் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போனது. அவர் உடனே தூக்கித் தூக்கி மிதித்து, கியரை இறக்கி, புல்தரையில் இரண்டு சக்கரம் ஏறிக் காரை நிறுத்தினார். நடந்தது இதுதான்: பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்த முடியாது, அதனால்தான் பிரேக் வேலை செய்கிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் அதை அழுத்தலாம், காலின் விசை எல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

எடை கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய சூடும் அதே விகிதத்தில் கூடும். டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்காட் 2,000 கிலோவைத் தாண்டும். சாதாரண 911 கரேரா சுமார் 1,500 கிலோ. ஒரே வேகத்திலிருந்து நிறுத்தினாலே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. வேகத்துக்கு இன்னும் கடுமையான கணக்கு, அதன் வர்க்கப்படி ஏறும்: நேர்த்தடத்தின் முடிவில் 20 சதவீதம் வேகமாக வந்தால் 44 சதவீதம் கூடுதல் சூடு. ஆக, அதிகக் குதிரைத்திறன் மலிவாகக் கிடைக்கும்போது அதை அடக்கும் செலவு தானாகவே ஏறுகிறது. மலிவுக் காரில் அந்தச் செலவைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.

டெட்ராய்டுக்கு இது தெரியாது என்று சொல்லவே முடியாது. 1966இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு ஜிடி40 முதல் மூன்று இடங்களையும் பிடித்து ஃபெராரியை வீழ்த்தியதை எல்லாரும் கொண்டாடுகிறோம். அந்தக் காரின் 7 லிட்டர் என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் குழுவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது பிரேக்தான். கனத்த காரை மணிக்கு 200 மைல் வேகத்திலிருந்து சுற்றுக்குச் சுற்று நிறுத்தினால் டிஸ்க் விரிசல் விட்டு உடைந்துவிடும். அதனால் பிட்டில் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திப் பழுது பார்க்கும் இடம்) சில நிமிடத்தில் டிஸ்க்கையே கழற்றி மாட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள், வென்றார்கள். அந்தப் பாடம் சாதாரண மனிதன் வாங்கும் காருக்கு இறங்கி வர அரை நூற்றாண்டு ஆனது. ஃபோர்டு மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் கோத்தபடிதான் 2014 வரை வந்தன (நடுவில் சில வருடம் கோப்ரா மாடலுக்கு மட்டும் விலக்கு). ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். நேர்கோட்டில் அது ஒரு குறையே இல்லை. வளைவில் குறைதான்.

அதே சமயம் ஐரோப்பியக் கட்சிக்காரர்கள் ஒரு விஷயத்தில் அநியாயம் செய்கிறார்கள். 'புஷ்ராடு என்ஜின் (வால்வை நீளக் கம்பியால் தள்ளித் திறக்கும் வகை) பழங்காலத்துச் சரக்கு, லிட்டருக்கு எத்தனை குதிரை வருகிறது பார்' என்பார்கள். வரி போடுகிற அரசாங்கத்துக்குத்தான் லிட்டர் கணக்கு வேண்டும். ஓட்டுகிறவனுக்கு வேண்டியது என்ஜின் எவ்வளவு கனம், எவ்வளவு உயரம், எவ்வளவு நாள் தாங்கும் என்பது. 1997 ஷெவர்லே கார்வெட்டில் வந்த எல்எஸ்1 என்ஜின் 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். வால்வை இயக்கும் கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலே நான்காக இல்லாமல் நடுவில் ஒன்றே ஒன்று. வால்வ் பதினாறுதான். அதனால் தலைப்பகுதி சிறுத்து, என்ஜின் தாழ்வாக உட்காரும். பிஎம்டபிள்யூவிலும் மஸ்டா மியாட்டாவிலும், ஏன் போர்ஷேயிலும்கூட, பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு இந்த எல்எஸ் குடும்பத்து என்ஜினை மாட்டுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இடம் பிடிக்காமல், சுளுவாகப் பழுது பார்க்க முடிகிற, உதிரிபாகம் எங்கும் கிடைக்கிற என்ஜின் அது. எதிர்ப்பக்கம், 2000ஐ ஒட்டி வந்த 911களில் என்ஜினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் என்கிற ஒரு சின்ன பேரிங் உடைந்தால் முழு என்ஜினுமே போச்சு. அந்தக் காலத்து 911 வாங்குகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

சரி, என் பதில் என்ன? இந்த இரண்டு உலகமும் சந்தித்த ஒரு இடம் இருந்தது. 2017இல் வந்த ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் 1எல்இ. விலைக்குக் கிடைத்த ஓட்டம் என்று பார்த்தால், நான் அறிந்த எந்த ஐரோப்பியக் காரும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. அந்த 1எல்இ என்பது 80களின் கடைசியில் பந்தயக்காரர்களுக்காக வந்த ஒரு ஆர்டர் குறியீடு. கமாரோக்கள் நீண்ட பந்தயங்களில் பிரேக் தாங்காமல் தோற்றன, அதைச் சரிசெய்யப் பிறந்தது. 2017இன் காரில் 455 குதிரைத்திறன், கையால் போடும் கியர் மட்டும், முன்னால் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக், காந்தத்தால் இறுக்கம் மாறும் திரவம் உள்ள ஷாக் அப்சார்பர். எல்லாவற்றையும்விட முக்கியம், என்ஜின் ஆயில், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் மூன்றுக்கும் சூட்டைத் தணிக்கும் கூலர் கம்பெனியிலேயே வைத்து வந்தது. விலை சுமார் 45 ஆயிரம் டாலர். அன்றைய பிஎம்டபிள்யூ எம்4 அதைவிட 20 ஆயிரம் கூடுதல், குதிரைத்திறன் 425. கமாரோவின் அடித்தளமே பிஎம்டபிள்யூ 3 வரிசையை மிஞ்ச வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுப் பிரிவான கெடிலாக்குக்காக வடிவமைத்தது.

அதன் அண்ணன், 650 குதிரைத்திறன் கமாரோ இசட்எல்1 1எல்இ, 2017இல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்தை 7 நிமிடம் 16 விநாடியில் சுற்றியது. 2015இன் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ்ஸுக்கு போர்ஷே சொன்ன நேரம் 7 நிமிடம் 20 விநாடி. கமாரோ 70 ஆயிரம் டாலர், போர்ஷே 1,75,000 டாலருக்கு மேல். கம்பெனிகளே எடுத்த நேரங்கள் என்பதால் நான்கு விநாடியை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு அந்த வரிசையில் நிற்பதே பெரிய சாதனை. கமாரோவில் குறை இல்லாமல் இல்லை. ஜன்னல் பதுங்குகுழி மாதிரி, பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது, உள்ளே பிளாஸ்டிக் மலிவு. ஸ்டீயரிங் கையில் பேசுவதில் 911 இன்றும் ஒரு படி மேல்தான். விற்கப் போனால் 911 விலை நிற்கும் அளவுக்கு அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் நிற்காது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதை எழுத உட்கார்ந்ததே ஒரு வருத்தத்தில்தான். 2023 முடிவோடு கமாரோவும் பெட்ரோல் வி-8 சேலஞ்சரும் போய்விட்டன. அதே வரிசையில் மஸ்டாங் மட்டும் மிச்சம். திறமை குறைந்ததால் போகவில்லை. 2025இல் கார்வெட் இசட்ஆர்1எக்ஸ் நூர்புர்க்ரிங்கை 6 நிமிடம் 49 விநாடியில் சுற்றியது, மஸ்டாங் ஜிடிடி 6 நிமிடம் 52 விநாடியில். அதாவது டெட்ராய்டின் பொறியாளர்கள் போர்ஷேயின் வாசலுக்கே போய்விட்டார்கள். ஆனால் அந்த மஸ்டாங்கின் விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். தச்சனும் ஆசிரியையும் கடன் போட்டு வாங்கி, சனிக்கிழமை தடத்துக்கு ஓட்டிப்போய், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே சர்ச்சுக்குப் போகும்படி இருந்த காரை நிறுத்திவிட்டு, கோடீஸ்வரனின் கூடத்துக்குக் கார் செய்கிறோம். எனக்கு இது கோபமாகத்தான் இருக்கிறது.

ஊரிலிருந்து "அண்ணா, மஸ்டாங் வாங்கலாமா" என்று கேட்கும் தம்பிகளுக்கு: இந்த விலைக் கணக்கெல்லாம் அமெரிக்காவோடு சரி. 2016இல் மஸ்டாங் இந்தியாவுக்கு வந்தபோது விலை 65 லட்சம், அதுவும் குதிரைத்திறனைக் குறைத்து. இறக்குமதி வரியைக் கட்டியபின் அது மலிவுக் கார் இல்லை.

இங்கே இருப்பவர்கள், கையில் புது 911க்கான பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள். இல்லையென்றால் பழைய எஸ்எஸ் 1எல்இ ஒன்றைத் தேடுங்கள். வாங்கும்முன் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடுகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். அந்த அகல டயர்கள் தடத்தில் சீக்கிரம் தேயும், நான்கும் மாற்ற ஆகும் செலவை விலையோடு இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.