லிஸியை வீட்டுக்குள் வைத்தது எது?

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவல் பற்றிப் பேச்செடுத்தாலே லிஸி, தங்கராஜ் காதலில்தான் ஆரம்பிக்கிறார்கள். காதல் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் ஏன் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள் என்பது புரிய வேண்டுமானால் முதலில் பனையைப் பார்க்க வேண்டும்.

கதை நடப்பது குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமமான பனைவிளையில். லிஸி மரக்காரர் வீட்டுப் பெண், அதாவது பனைகளுக்குச் சொந்தக்காரர் வீடு. தங்கராஜ் பனையேறியின் மகன். அந்தப் பக்கத்தில் பரவலாக இருந்த ஏற்பாடு இது: ஒரு நாள் இறக்கும் அக்கானி (பதநீர்) ஏறுகிறவருக்கு, மறுநாள் இறக்குவது மரக்காரருக்கு. ஒரே பனையை நம்பித்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும். பெண் கொடுப்பது என்று வந்தால் மட்டும் பேச்சே கிடையாது.

ஏறுகிறவருக்குப் பருவம் முடியும்வரை ஓய்வில்லை. பாளையைத் தினமும் சீவ வேண்டும். விட்டால் சீவிய வாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். குறைந்தால் அக்கானி புளித்துவிடும், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாது. கூடினால் காரம் நாக்கைப் பிடிக்கும். இறக்கியதை அன்றே காய்ச்சியாக வேண்டும். அது பெண்கள் பாடு. காய்ந்த ஓலையையும் சுள்ளியையும் தள்ளித் தள்ளி எரிக்க வேண்டும். பொங்கினால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்க வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்டிப் பதம் பார்த்துத்தான் சிரட்டையில் ஊற்றுவார்கள். எரிக்க ஓலை பொறுக்கச் சிறுமிகளும் போயாக வேண்டும்.

இப்போது லிஸியைப் பாருங்கள். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டோடு வைத்துவிடுகிறார்கள். பனையேறி வீட்டில் அதற்கு வழியே இல்லை. அங்கே ஒரு கை குறைந்தால் அன்றைய அக்கானி பாழ். ஆக, பெண்ணை வெளியே விடாதது 'நாங்கள் பெரிய வீடு' என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம். லிஸியின் வீடான புத்தம் வீடோ நொடித்துக்கொண்டிருக்கிறது. அப்பா குடிக்கிறார். பழம்பெருமையில் மிச்சமிருப்பது இந்த வழக்கம் ஒன்றுதான், அதனால்தான் அதை விட மனம் வரவில்லை. வறுமை வந்தால் கட்டுப்பாடு தளரும் என்று நினைப்போம்; இந்த வீட்டில் இறுகுகிறது. ஹெப்சிபா இதை எங்கும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. நாவலின் பெரிய பலமாக நான் நினைப்பது இந்த அடக்கத்தைத்தான்.

பிற்பகுதியில் கொலையும் வழக்கும் வந்ததும் கதை வேகமெடுத்துவிடுகிறது. லிஸியின் மௌனத்தை அத்தனை பொறுமையாகக் கவனித்தவர் அங்கேயும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

முதல் முறை படிப்பவர்கள் குமரிப் பேச்சைக் கண்டு மிரள வேண்டாம். உரையாடல்களை வாய்விட்டு வாசியுங்கள், சில பக்கங்களில் காது பழகிவிடும். கதைச்சுருக்கத்தைப் படித்துவிட்டு நாவலைத் தெரிந்துகொண்டதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள் லிஸிக்கு நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பது எந்தச் சுருக்கத்திலும் வராது.